வளர்ப்பு ஆமைக்கு வெளியடைப்பு அமைக்கும் முறை

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா என்பது நமது கிராமங்களில் வழங்கிவரும் பழமொழி. அப்படியிருந்தும், ஆமை வீட்டிலிருந்தால் அதிர்ஷ்டம் உண்டாகுமென்று கருதிப் பட்டணங்களில் பலர் அதை விலை கொடுத்து வாங்கிக் கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கின்றனர். இவ்விரண்டு அபிப்பிராயங்களும் ஒருபுறமிருக்க, விவசாயிகளுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் இதில் கவனிக்க வேண்டிய விஷயமொன்று உண்டு. குழந்தைகளுக்காக வாங்கிய ஆமைக் குஞ்சு இரண்டு மூன்று வருஷங்களில் தொட்டி கொள்ளாதபடி பெருத்துவிடுகிறது. அப்பொழுது அதைக் கிராமத்திலுள்ள உறவினர் வீட்டிற்குக் கொண்டுவந்து கிணற்றிலோ, கோயில் குளத்திலோ, ஏரியிலோ விட்டுவிடுகிறார்கள். இதைப் புண்ணியமென்று நினைப்பவர்களும் உண்டு. உண்மையில் இதனால் விளைவது தீங்கே. ஆகையால், கைக்கு வந்துவிட்ட ஆமையை வீட்டுத் தோட்டத்திலேயே சுகமாகவும், வெளியே தப்பிச் செல்லாதபடியும் வைத்துக் காப்பதற்கு ஏற்ற அடைப்பு ஒன்றைக் கட்டும் விதத்தை இங்கே விவரிப்போம்.

1. எந்த ஆமையை அடைத்து வைக்கலாம்?

முதலில் இதைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். நமது ஏரி குளங்களில் வாழும் பாலாமை, காராமை, முட்புதர்க் காடுகளில் திரியும் நட்சத்திர ஆமை முதலிய உள்நாட்டு ஆமைகளைப் பிடிப்பதும், அடைத்து வளர்ப்பதும், விற்பதும், உணவுக்காகக் கொல்லுவதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். உழும்பொழுதோ தூர் வாரும்பொழுதோ இவை அகப்பட்டால் அருகிலுள்ள நீர்நிலையிலோ, நட்சத்திர ஆமையானால் அது கிடைத்த புதரோரத்திலோ விட்டுவிடுவதே முறை. இக்கட்டுரையில் சொல்லும் அடைப்பு அவற்றிற்காக அன்று.

கடைகளில் விற்கப்படும் பச்சை நிறக் குஞ்சு பெரும்பாலும் அமெரிக்காவில் மிஸிஸிப்பி நதிப் பிரதேசத்தைச் சேர்ந்த செங்காது ஆமை. கண்ணுக்குப் பின்புறம் இருபக்கமும் சிவந்த பட்டை ஒன்றும், கழுத்தில் மஞ்சள் கோடுகளும் இருப்பது இதன் அடையாளம். அயல்நாட்டுப் பிராணிகளைப் பற்றிய விதிகள் அவ்வப்பொழுது திருத்தப்படுவதால், இதை வைத்திருப்போர் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்து அதன்படி நடந்துகொள்வது உத்தமம். புதிதாக எவரும் வாங்க வேண்டாமென்பதே எமது யோசனை. முன்னரே வைத்திருப்பவர்களை உத்தேசித்தே இதை எழுதுகிறோம்.

2. பிராணியின் இயல்பு

அடைப்பின் அளவு பிராணியின் இயல்பைப் பொறுத்தது. குஞ்சு பொரித்தவுடன் இவ்வாமை பழைய வெள்ளி ரூபாயின் அகலமே இருக்கும். வளர்ந்தபின் பெண் ஆமையின் ஓடு 10 முதல் 12 அங்குலம் வரையிலும், ஆணின் ஓடு சுமார் 8 அங்குலமும் நீளமாகும். நன்றாகப் பராமரித்தால் 20 முதல் 30 வருஷம் வரை ஜீவித்திருக்கும். எனவே, ஆமைக்கு அடைப்புக் கட்டுவது மாட்டுக் கொட்டில் கட்டுவதைப்போல் நெடுங்காலத்திற்குரிய வேலை என்று எண்ண வேண்டும்.

இது நீரிலே நீந்தி, நீரிலேயே உணவை விழுங்கும். ஆனால் நாள்தோறும் சில மணி நேரம் கரையேறி வெயில் காய வேண்டும். ஆமைக்குத் தானாக உடற்சூடு உண்டாவதில்லை. வெயிலினாலேயே அதன் ஜீரணம் நடைபெறுகிறது. ஓட்டிற்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை உடல் கிரகிப்பதற்கும் சூரிய கிரணம் அவசியம். அவ்விதம் உதவும் கிரணங்கள் ஜன்னல் கண்ணாடியின் வழியே வருவதில்லை. வீட்டிற்குள் கண்ணாடித் தொட்டியில் கிடக்கும் ஆமைகளுக்கு ஓடு மிருதுவாகிக் கோணலாவதன் காரணம் இதுவே. வெளியடைப்பின் முதல் நன்மை, செலவில்லாமல் கிடைக்கும் வெயில்தான்.

3. இடம் தேர்ந்தெடுத்தல்

காலை வெயில் தடையின்றி விழுவதும், பிற்பகலில் ஓரளவு நிழல் உள்ளதுமான இடம் சிறந்தது. புளி, வேம்பு போன்று ஓயாமல் இலையுதிர்க்கும் மரங்களின் அடி ஆகாது. சருகு விழுந்து ஜலம் அழுகும். மழைக்காலத்தில் வெள்ளமேறாத மேட்டுப் பாங்கான நிலமாயிருக்க வேண்டும். ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், குடிநீர்க் கிணற்றின் மேல்புறம் ஆகிய இடங்களை விலக்க வேண்டும். பூச்சிமருந்து தெளிக்கும் வயலுக்குக் காற்று வீசும் திசையில் அமைத்தாலும் மருந்துத் துளி வந்து நீரில் படியும். ஆகையால் அதையும் கவனிக்க வேண்டும். வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும்படி இருப்பது காவலுக்கு நல்லது.

4. சுற்றுச்சுவர்

வளர்ந்த ஆமை ஒன்றிற்கோ இரண்டிற்கோ உட்புறம் 12 அடி நீளமும் 8 அடி அகலமும் உள்ள அடைப்புப் போதுமானது. கம்பி வலை வேலி உதவாது. ஆமையின் கால்களில் கூரிய நகங்கள் உள்ளமையால் வலையைப் பற்றி ஏறிவிடும். வெளியே தெரிவதைக் கண்டு ஓயாமல் முட்டி மூக்கைப் புண்ணாக்கிக்கொள்ளும். ஆகவே செங்கற் சுவரே தகுந்தது.

சுவர் தரைக்குமேல் 2 அடியும் தரைக்குள் 1 அடியும் இருக்க வேண்டும். தரைக்குள் இருக்கும் பாகம், ஆமை தோண்டி வெளியேறாமலும் பெருச்சாளி தோண்டி உள்ளே வராமலும் தடுக்கும். நாலரை அங்குல கனத்தில் கட்டினால் சுமார் 600 செங்கல் பிடிக்கும். உட்புறம் சிமெண்டு பூசி வழவழப்பாகத் தேய்த்துவிட வேண்டும். மேல்வரிசையின்மீது கடப்பைக்கல் பட்டையை உட்பக்கம் 4 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும்படி பதிக்க வேண்டும். ஆமைகள் மூலைகளில் இருபுறமும் காலூன்றி ஏறுவது வழக்கமாதலால், நான்கு மூலைகளிலும் முக்கோணக் கல் ஒன்றை வைத்து மூடுவது அவசியம். சுவரையொட்டிக் கல், மரத்துண்டு, கொடி முதலியன இருத்தல் கூடாது. அவற்றிற்கும் சுவருக்கும் 2 அடியாவது இடைவெளி வேண்டும். இரண்டு ஆமைகள் இருந்தால் ஒன்றன் முதுகின்மேல் மற்றொன்று ஏறி எட்டக்கூடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

5. குளம்

அடைப்பின் நடுவில் 6 அடி நீளம், 4 அடி அகலத்தில் குளம் அமைக்க வேண்டும். நீளத்தில் பாதி 2 அடி ஆழமுள்ளதாகவும், மறுபாதி தரைமட்டத்திலிருந்து சரிந்து இறங்குவதாகவும் இருக்கட்டும். கோயில் குளத்துப் படித்துறையைப்போல், எந்த நிலையிலும் ஆமை சிரமமின்றி ஏறி இறங்க இச்சரிவு உதவும். சரிவில் பூச்சு சொரசொரப்பாயிருக்க வேண்டும். இக்குளம் ஏறக்குறைய 1,000 லிட்டர் ஜலம் கொள்ளும். ஓட்டின் நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்திற்கும் 40 லிட்டர் ஜலம் வேண்டுமென்பது அனுபவஸ்தர்களின் கணக்கு. அதன்படி 12 அங்குல ஆமை இரண்டிற்கு இது போதும்.

ஆழத்தைக் குறைத்துச் செலவை மிச்சப்படுத்த நினைப்பது தவறு. சித்திரை, வைகாசி மாதங்களில் ஒரு சாண் ஜலம் நடுப்பகலில் கொதிநீரைப்போல் சூடேறிவிடும். ஓடிப்போக வழியில்லாத ஆமை அதில் மாண்டுபோகும். ஆழமுள்ள பகுதியின் மேல், குளத்தில் மூன்றிலொரு பங்கு நிழலாகும்படி தென்னங்கீற்றுப் பந்தல் போட வேண்டும். முழுவதும் நிழலாக்கிவிட்டால் வெயில் காய இடமிராது.

புதிதாகப் பூசிய சிமெண்டுத் தொட்டியில் உடனே ஆமையை விடக் கூடாது. சிமெண்டிலுள்ள காரம் நீரில் இறங்கித் தோலையும் கண்ணையும் கெடுக்கும். ஜலம் நிரப்பி, வாழைத்தண்டைத் துண்டுகளாக்கி ஊறப்போட்டு, மூன்று வாரத்தில் மூன்று நான்கு முறை நீரை முழுதும் மாற்றியபின்பே உபயோகிக்க வேண்டும். மீன் வளர்ப்போர் கையாளும் முறையும் இதுவே. சிமெண்டு வேலைக்கு வசதியில்லாதவர்கள் குழியில் மணல் பரப்பி, அதன்மேல் தடித்த நீர்த்தேக்கப் பாய் விரித்துக்கொள்ளலாம். ஆனால் நகம் பட்டுக் கிழியாதபடி சரிவில் கூழாங்கற்களைப் பரப்ப வேண்டும்.

குளத்தின் நடுவில் பனந்துண்டோ கருங்கல்லோ நீர்மட்டத்திற்கு மேல் தெரியும்படி போட்டுவைத்தால் ஆமை அதன்மீதேறி வெயில் காயும். தகரமும் இரும்பும் சூடேறிச் சுடுமாதலால் கூடாது.

6. மணற் படுகை

பெண் ஆமை ஆணுடன் கூடாமலே முட்டையிடக்கூடும். அம்முட்டை பொரியாது. ஆயினும் இடுவதற்கு ஏற்ற மண் கிடைக்காவிடில் முட்டையை வயிற்றிலேயே அடக்கிக்கொண்டு ஆமை நோயுற்று இறப்பதுண்டு. ஆதலால் அடைப்பின் ஒரு மூலையில் 3 அடி சதுரமும் 1 அடி ஆழமும் உள்ள குழியில் மணலும் செம்மண்ணும் சமபாகமாகக் கலந்து நிரப்பி, சற்று ஈரமாக வைத்திருக்க வேண்டும்.

ஆணும் பெண்ணும் ஒரே அடைப்பில் இருந்தால் படுகையை வாரந்தோறும் கிளறிப் பார்த்து, முட்டைகளை எடுத்து வேகவைத்துப் புதைத்துவிட வேண்டும். குஞ்சு பொரிக்க இரண்டு மாதத்திற்குக் குறையாமல் ஆகுமாதலால் இதற்கு அவகாசம் உண்டு. ஒரு முறைக்குப் பத்து, பன்னிரண்டு முட்டைகளும், வருஷத்தில் இரண்டு மூன்று முறையும் இடக்கூடிய பிராணியின் குஞ்சுகளைப் பின்னர் யார் வளர்ப்பது என்பதை முன்னதாகவே யோசித்துக்கொள்ள வேண்டும்.

7. மழைநீர்ப் போக்கு

அடைப்புகளில் ஆமை தப்பிப்பதற்கு முக்கிய காரணம் மழைநீர். நான்கு புறமும் சுவரெழுப்பியபின் அவ்விடமே ஒரு தொட்டியாகிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஜலம் வெளியேற வழியில்லாமற்போனால் உள்ளே மட்டம் உயரும். 2 அடிச் சுவரின் பயன் அப்பொழுது குறையும். எனவே தரைமட்டத்தில் எதிரெதிர்ச் சுவர்களில் 3 அங்குலக் குழாய் ஒவ்வொன்று பதித்து, உட்புற வாயில் அரை அங்குலக் கண்ணுள்ள இரும்பு வலையை இறுகப் பொருத்த வேண்டும். ஒன்று சருகால் அடைபட்டாலும் மற்றொன்று உதவும். மழைக்காலத்தில் நாள்தோறும் இவ்வலைகளைச் சுத்தம் செய்ய வேண்டும். குழாயிலிருந்து வெளிவரும் நீர் வாய்க்காலுக்குப் போகாமல் தென்னை அல்லது வாழைப் பாத்திக்குச் செல்லும்படி வாட்டம் கொடுப்பது சிறந்தது.

8. மேல்மூடி

காகம், பருந்து, கீரி, நாய், உடும்பு ஆகியவை ஆமைக்குப் பகை. ஓடு 4 அங்குலம் வளராத குஞ்சுகளைத் திறந்த அடைப்பில் விடவே கூடாது. காகம் ஒரு நொடியில் தூக்கிச் சென்றுவிடும். மரச்சட்டத்தில் ஓர் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையை அடித்து, கீல் வைத்து, மேல்மூடியாக அமைத்துப் பூட்டிட வேண்டும். பழைய மீன்வலையை மேலே கட்டுவது வழக்கமாயினும் அது தொய்ந்து, பறவைகளும் பாம்புகளும் சிக்கி உயிரிழக்கக் காரணமாகும்.

9. தீனி

குஞ்சுகளுக்கு மாமிச உணவு மிகுதியாகவும், வளர்ந்தவற்றிற்குத் தழை உணவு மிகுதியாகவும் வேண்டும். குஞ்சுகளுக்குத் தினமும், பெரியவற்றிற்கு வாரத்தில் மூன்று நாளும் தீனி கொடுத்தால் போதும். மண்புழு, சிறு மீன், நத்தை, நீர்ப்பாசி, சிறுகீரை, துருவிய பூசணி முதலியன ஏற்றவை. கடைகளில் விற்கும் ஆமைத் தீனியையும் அளவாகச் சேர்க்கலாம். சோறு, ரொட்டி, பால், எண்ணெய்ப் பண்டம் ஆகியவை ஆகா. மருந்து தெளித்த தழையைக் கொடுக்கக் கூடாது. நாட்டு மருந்துக் கடைகளில் கடல்நுரை என்று விற்கும் கணவாய் ஓட்டில் ஒரு துண்டை நீரில் மிதக்கவிட்டால் ஆமை அதைக் கடித்துச் சுண்ணாம்புச் சத்துப் பெறும். கண் வீங்குதல், ஓடு மிருதுவாதல், ஓட்டில் புண் உண்டாதல் ஆகிய குறிகள் கண்டால் கால்நடை மருத்துவரிடம் காண்பிக்க வேண்டும்.

10. ஜலம் மாற்றுதலும் சுகாதாரமும்

வாரம் ஒருமுறை மூன்றிலொரு பங்கு நீரை இறைத்துப் புதுநீர் விட வேண்டும். அப்பொழுது ஓரங்களைத் தேய்த்துக் கழுவினால் கொசுப்புழு வளர இடமிராது. ஆமை புழுக்களைத் தின்றுவிடுமென்று நம்பி இருந்துவிடக் கூடாது. இறைத்த நீர் தென்னைக்கும் வாழைக்கும் நல்ல உரம். பச்சையாக உண்ணும் வெள்ளரி, கொத்தமல்லி முதலியவற்றிற்கு மட்டும் பாய்ச்சலாகாது.

இதற்குக் காரணம் உண்டு. ஆமையின் குடலிலும் தோலிலும் சால்மொனெல்லா என்னும் கிருமி, ஆமைக்கு யாதொரு கெடுதியும் செய்யாமலே இருக்கக்கூடும். மனிதருக்கு அது கடும் வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் உண்டாக்கும். குழந்தைகளுக்கு இந்நோய் மிகுதியாகப் பரவியதன் காரணமாகவே அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டில் 4 அங்குலத்திற்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்பது தடை செய்யப்பட்டது. ஆகையால் ஆமையையோ அதன் நீரையோ தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். ஐந்து வயதிற்கு உட்பட்ட குழந்தைகள் தொடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஆமைத் தொட்டிச் சாமான்களைச் சமையலறையில் கழுவக் கூடாது. கிணற்று நீர் சுத்தமாயிருக்குமென்று ஆமை விடும் பழைய வழக்கத்தையும் இது காரணமாகவே கைவிட வேண்டும். செங்குத்தான கிணற்றில் வெயில் காயக் கரையுமில்லாமல் அப்பிராணி படும் அவஸ்தையும் சிறிதன்று.

11. ஏரியில் விடலாகாது

அழகிய பூவிற்காக 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்திற்குக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை இன்று நமது ஏரிகளையும் வாய்க்கால்களையும் அடைத்து நிற்பதை யாவரும் காண்கிறோம். 1952-ஆம் ஆண்டில் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை நாட்டுக் கெண்டைகளுக்குப் போட்டியாகிவிட்டதை மீன் குத்தகைதாரர் அறிவர். செங்காது ஆமையும் அவ்வகையைச் சேர்ந்ததே. உலகிலுள்ள மிகக் கேடான அயல் உயிரினங்கள் நூறு என்று 2000-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட பட்டியலில் இதுவும் ஒன்று. ஐரோப்பிய தேசங்களில் 1997-ஆம் ஆண்டில் இதன் இறக்குமதி நிறுத்தப்பட்டது. ஜப்பானில் 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல், வீட்டில் வளர்ப்பதை அனுமதித்து, விற்பதையும் வெளியே விடுவதையும் மட்டும் தடுத்துவிட்டார்கள். அண்டை மாநிலமாகிய கேரளத்தில் திருச்சூர் அருகே ஒரு கால்வாயில் 2018-ஆம் ஆண்டில் இவ்வாமை கண்டெடுக்கப்பட்டது.

பிரான்ஸ் தேசத்தில் இதையும் அந்நாட்டுக் குளத்து ஆமையையும் ஒன்றாக விட்டுப் பரிசோதித்ததில், வெயில் காயும் நல்ல இடங்களைச் செங்காது ஆமை பிடித்துக்கொண்டது. நாட்டு ஆமைகள் எடை குறைந்து, பல மாண்டன. நமது பாலாமை ஏரியில் நத்தைகளையும் செத்த மீன்களையும் தின்று நீரைச் சுத்தம் செய்வது. கோடையில் சேற்றிற்குள் புதைந்து உயிர்காத்து, மழை பெய்ததும் வெளிவருவது. அதன் இடத்தை அயல் பிராணிக்குக் கொடுத்துவிட்டால் மீட்டுக்கொள்வது எளிதன்று.

கிராம அதிகாரிகள் அடையாளங்களைத் தெரிந்துகொள்வது நலம். பாலாமையின் ஓடு தோலால் மூடி மிருதுவாயிருக்கும். மூக்கு குழல்போல் நீண்டிருக்கும். காராமை கறுத்து, முதுகில் நீளவாட்டமாக மூன்று வரம்புகள் உடையது. கண்ணுக்குப் பின் சிவந்த பட்டை இருப்பது செங்காது ஆமை. முதிர்ந்த ஆணில் அப்பட்டை மங்கியிருக்கக்கூடும். தூர் வாரும்பொழுதோ மீன் பிடிக்கும்பொழுதோ செங்காது ஆமை அகப்பட்டால் வேறு குளத்தில் விடாமல், காற்றுப் புகும் மூடியுள்ள பாத்திரத்தில் வைத்து வனச்சரக அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். கோயில் குளங்களில் ஆமை விடுவதைத் தடுத்து அறிவிப்புப் பலகை வைப்பதும் ஊராட்சியாரால் எளிதில் ஆகும் காரியம்.

12. முடிவு

மேலே சொன்ன அடைப்பு உள்ளிருக்கும் ஆமைக்கு வெயிலும் நிழலும் நீரும் மண்ணும் தருவது. வெளியிலிருக்கும் ஏரிக்கும் அதுவே வேலி. இரண்டு அடிச் சுவர், உள்ளே நீட்டிய கல், வலையிட்ட நீர்ப்போக்கு ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்றவை வீணாகும். இவ்வளவு செய்ய இயலாதவர்கள் ஆமையை வாங்காதிருப்பதே சரி. முன்னரே வாங்கிவிட்டு வளர்க்க முடியாமல் தவிப்பவர்கள், தக்க அடைப்புள்ள மற்றொருவரிடமோ வனத்துறையாரிடமோ ஒப்புவிக்கலாம். உழவர்கள் தைக்குப்பின் வேலை ஓய்ந்திருக்கும் நாட்களில் சுவரைக் கட்டி முடித்து, கோடைக்குள் குளத்தைப் பதப்படுத்திக்கொண்டால், அடுத்த அடைமழை வரும்பொழுது கவலைப்பட வேண்டியதிராது.